துல்லியத்தின் தாடி

பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. சோதனைச்சாலையில் எல்லோருக்கும் அவர் துல்லியம். முதுகுக்குப் பின்னால் துல்லியம், முகத்துக்கு நேரே துல்லியம் சார். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். மனிதர் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டு இருபத்து மூன்று வருடம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். இப்போது யாராவது கேட்டால், "அது கிண்டல்னு புரியவே எனக்கு இருபத்து மூணு வருஷம் ஆச்சு, நான் துல்லியமாம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய வேலை எடைக்கற்களைச் சோதிப்பது. காய்கறிக் கடையில் தட்டில் போடுகிற இரும்புக் கல்லை நினைத்துக்கொள்ள வேண்டாம். மருந்து தயாரிக்கும் கம்பெனிகள் தங்கள் தராசு பொய் சொல்கிறதா என்று பார்க்க வைத்திருக்கும் எஃகுக் கற்கள், முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. வருடத்துக்கு ஒரு தடவை அவை பெட்டியில் படுத்தபடி சோதனைக்கு வரும். ஒரே ஒரு சர்க்கரைத் துணுக்கை இரண்டாக உடைத்தால் அதில் ஒரு பாதி என்ன எடை இருக்குமோ, அந்த அளவு குறைந்தாலே கல் தேறாது. இதைக் கண்டுபிடிக்க ஜன்னல் இல்லாத ஓர் அறை, அசையாத கருங்கல் மேசை, அதன்மேல் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தராசு. பக்கத்தில் பூட்டிய சின்னப் பெட்டி ஒன்று. அதற்குள் ஒவ்வொரு எடைக்கும் ஒரு கல் இருக்கும். வருகிற கற்களை எல்லாம் அவற்றோடு ஒப்பிட்டுத்தான் தேறியதா இல்லையா என்று சொல்வார்கள். அங்கே அவற்றுக்குத் தாய்க்கல் என்று பெயர். பெட்டியின் சாவி துல்லியத்திடம் மட்டும். வேறு யாராவது தொட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அந்த அளவுக்கு எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தார்.

அறைக் கதவில் அவர் கைப்படப் பதினான்கு விதிகள் எழுதி ஒட்டியிருந்தார். சென்ட் போட்டுக்கொண்டு வரக்கூடாது. தும்மல் வந்தால் வெளியே ஓட வேண்டும். கம்பளிச் சட்டை ஆகாது. தராசு நிலைக்கு வரும்வரை பேசக்கூடாது. பெருமூச்சும் விடக்கூடாது என்று ஒன்பதாவது விதி சொன்னது. அதைப் படித்தவுடனே பெருமூச்சு விடத் தோன்றும் என்று ஊழியர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு நாற்பத்தொன்பதாவது வயதில் தாடி வந்தது. வந்தது என்றுதான் சொல்ல வேண்டும், அவராக வளர்க்கவில்லை. கன்னத்தில் அரிப்பு வந்து சிவந்து போக, தோல் டாக்டர் மூன்று வாரம் சவரக் கத்தியைத் தொடாதீர்கள் என்றார். மூன்றாவது வாரம் முடிகிற அன்று காலையில் அவர் கத்தியும் கையுமாகக் குளியலறைக்குப் போகும்போது மனைவி தோசைக் கரண்டியை வைத்துவிட்டு அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இருக்கட்டுமேங்க. நல்லாத்தான் இருக்கு."

"என்ன நல்லா இருக்கு?"

"இத்தனை நாளா முகம் எங்க முடியுது, கழுத்து எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. இப்ப ஒரு எல்லை தெரியுது."

இருபத்தொரு வருடக் குடித்தனத்தில் அவர் முகத்தைப் பற்றி மனைவி சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். மனிதர் அப்படியே கத்தியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். அரிப்பு போய்விட்டது, தாடி நின்றுவிட்டது.

நின்ற தாடி சும்மா நிற்குமா? முக்கால்வாசி வெள்ளை. அதற்கு மை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு அரை மணி நேரம் பூசுவார். ஒருதரம் காது மடல் கறுத்துப்போய் திங்கட்கிழமை முழுக்கத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே வேலை பார்த்தார். கழுத்து பிடித்துக்கொண்டது என்று எல்லோரிடமும் சொன்னார். தாடிக்கென்று தனி எண்ணெய். கடைசியாக, கைக்குள் அடங்குகிற ஒரு மரச்சீப்பு.

மரச்சீப்பு ஏன் என்பதற்கு அவரிடம் ஒரு பிரசங்கமே இருந்தது. டீ குடிக்கும் இடத்தில் யார் மாட்டினாலும் விடமாட்டார். "பிளாஸ்டிக் சீப்புல வாரினா முடியில மின்சாரம் ஏறும். அதோட போய்த் தராசு முன்னாடி நின்னா தட்டு தானா அசையும். மரத்துல அந்தப் பேச்சே கிடையாது. நம்ம தொழிலுக்கு மரச்சீப்புதான்." சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அந்த அறைக்குள் நின்று தாடி வாரலாமா என்று அவரும் யோசிக்கவில்லை, கேட்கிறவர்களுக்கும் தைரியம் வரவில்லை. பதினைந்தாவது விதியாக, 'பிளாஸ்டிக் சீப்பு கூடாது' என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

அறைக்குள்தான் வாருவார். காரணம் இருந்தது. வீட்டில் கண்ணாடி முன்னால் மனைவி நிற்பாள், மகள் நிற்பாள், அவருக்கு முறை வராது. அலுவலகக் கழிப்பறைக் கண்ணாடியில் பாதி ரசம் போய்விட்டது. தராசின் கண்ணாடிக் கூண்டில் முகம் தெளிவாகத் தெரியும். காலை ஒன்பதரைக்குத் தாய்க்கல்லை வெளியே எடுத்து வைத்தால் அறையின் குளிர்ச்சிக்கு அது பழகப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் தாடிக்கு. முதலில் கன்னத்தில் மேலிருந்து கீழே, பிறகு தாடைக்கு அடியில் கீழிருந்து மேலே, மறுபடி மொத்தமாகக் கீழே. வாரிய சீப்பைக் கட்டை விரலால் ஒரு தட்டு. முகத்தை இடமும் வலமும் திருப்பிப் பார்த்து, மனைவி சொன்ன எல்லை சரியாக இருக்கிறதா என்று சோதிப்பார். தாய்க்கல்லின் பெட்டி திறந்தபடி அவர் தாடைக்கு நேர் கீழே இருக்கும்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிட வேண்டும். திங்கட்கிழமை தோறும் தாய்க்கற்களை மேலாளர் அறையில் இருக்கும் இன்னொரு தொகுதியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது முறை. இருபத்து மூன்று வருடம் பார்த்தார், ஒரு தடவைகூட வித்தியாசம் வந்ததில்லை. தாடி வந்த பிறகு அதற்கு நேரமில்லாமல் போனது. பார்க்காமலே பார்த்ததாகக் குறித்துவிட்டார். பெற்ற தாயைச் சந்தேகப்படுவது போல இருக்கிறது என்று தன்னையே சமாதானமும் செய்துகொண்டார்.

அவருக்கு உதவியாக ஒரு பெண்மணி சேர்ந்திருந்தார். ஐம்பத்தொரு வயது. முன்பு ஒரு மருந்துக்கடையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர். கடையை மூடிவிட்டதால் இங்கே வந்தார். தலை பாதி நரைத்த அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் புதுசு. ஆறு மாதம் தற்காலிகம், அப்புறம் நிரந்தரம் செய்வதா அனுப்பிவிடுவதா என்று மேலாளர் முடிவு செய்வார். சேர்ந்த அன்றே புதுசு துல்லியத்திடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்: "இந்த வயசுல இன்னொரு இடத்துல யாரும் எடுக்க மாட்டாங்க சார். தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கறேன்."

வருகிற கற்களை ஸ்பிரிட் தொட்ட மெல்லிய துணியால் துடைத்துக் கொடுப்பது புதுசின் வேலை. நிறுத்துப் பார்ப்பது துல்லியத்தின் வேலை. நாலரை மாதம் ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு வந்த நூறு கிராம் கற்கள் ஒவ்வொன்றாகத் தேறாமல் போக ஆரம்பித்தன. முதல் கல் எடை குறைவு. சரி, பழைய கல். இரண்டாவதும் குறைவு. அதே வாரத்தில் மூன்றாவது, நாலாவது. எல்லாம் ஒரே அளவு, அந்த அரைத் துணுக்குச் சர்க்கரை.

துல்லியம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு யோசித்தார். யோசித்துக் கண்டுபிடித்தார் பாருங்கள், அதை இன்று நினைத்தாலும் அவருக்குக் காது சிவக்கும். புதுசை அழைத்து நிற்க வைத்துச் சொன்னார்.

"நீங்க அழுத்தித் துடைக்கறீங்கம்மா. கல்லு தேயுது."

"எஃகு தேயுமா சார்?"

"தேய்ஞ்சிருக்கே. தராசு பொய் சொல்லாது. சில பேருக்குக் கை அப்படி, இயல்பிலேயே முரட்டுக் கை. மெதுவா பழகுங்க."

நூறு கிராம் கல் மட்டும் ஏன் தேய்கிறது, ஐம்பது ஏன் தேயவில்லை என்று புதுசு கேட்டார். நல்ல கேள்வி. அதற்கும் துல்லியம் பதில் வைத்திருந்தார்: கைக்கு அடக்கமாக இருப்பது நூறு கிராம் கல்தான், அதனால் அழுத்தம் முழுவதும் அதில் இறங்குகிறது. சொல்லி முடித்துத் தாடியை ஒரு முறை தடவிக்கொண்டார். அன்றைக்குத் தன் அறிவைப் பார்த்துத் தனக்கே பெருமையாக இருந்தது என்று அவர் ஒப்புக்கொள்வார்.

புதுசு மெதுவாகத் துடைத்தார். குறைவு. இன்னும் மெதுவாக, துணி படுகிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் துடைத்தார். அதே குறைவு. ஆறு வாரத்தில் பதினோரு கற்கள். ஆறு மாதக் கெடு ஒரு வெள்ளிக்கிழமை முடிவதாக இருந்தது. அந்த வாரம் திங்கட்கிழமை துல்லியம் மேலாளருக்கு ஒரு பக்க ரிப்போர்ட் கொடுத்தார். 'கை அழுத்தம் மிகுதி. பலமுறை அறிவுறுத்தியும் திருந்தவில்லை. நுண்ணிய வேலைக்குப் பொருத்தமற்றவர்.' எழுத்து மணி மணியாக இருந்தது.

புதன்கிழமை புதுசு லீவு. அன்று ஒரு கம்பெனியிலிருந்து புத்தம் புதிய நூறு கிராம் கற்கள் இரண்டு வந்தன. தொழிற்சாலை முத்திரைகூட உடையவில்லை. ஒன்றைத் துல்லியமே உடைத்து, துடைக்காமல், இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்தார். அரைத் துணுக்கு குறைவு.

தொழிற்சாலைக்காரனுக்கு அக்கறையே இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டாவது முத்திரையை உடைத்தார். அதுவும் அதே அரைத் துணுக்கு. புதுசு அந்தக் கற்களைப் பார்த்ததுகூட இல்லை. துல்லியம் இவ்வளவு நாளில் முதல்முறையாகத் தாய்க்கல்லைச் சந்தேகத்தோடு பார்த்தார். இடுக்கியால் தூக்கித் தலைகீழாகத் திருப்பினார்.

அடியில் இருக்கும் சின்னக் குழிவில் ஒரு முடி சுருண்டு கிடந்தது. எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு, வசதியாக. பெட்டியில் கல்லை எடுத்த பள்ளத்தில் விழுந்திருக்கும், திரும்ப வைத்தபோது ஒட்டியிருக்கும். அதனால் தாய்க்கல்லின் எடை கூடியிருந்தது, வந்த கல் எல்லாம் அதற்குப் பக்கத்தில் இளைத்துத் தெரிந்தது. யார் முடி என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. நுனி கன்னங்கரேல் என்று இருந்தது, வேர்ப்பக்கம் வெள்ளை. அந்தக் கட்டடத்தில் ஒரே முடியில் இரண்டு நிறம் வைத்திருந்த ஆள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்திலும் மனிதரின் புத்தி எப்படிப் போனது என்றால், முடியை எடை போட்டுப் பார்த்தார். பூஜ்யம் புள்ளி மூன்று ஒன்று மில்லிகிராம். பதினோரு கற்களிலும் குறைந்த அதே எண். இருபத்து மூன்று வருடத்தில் இவ்வளவு துல்லியமாக எதுவுமே ஒத்துப்போனதில்லை.

அந்த முடியை ஊதித் தள்ளிவிட்டால் போதும். நாளைக்குக் கற்கள் எல்லாம் தேறிவிடும். 'தற்போது கை பழகிவிட்டது' என்று இன்னொரு ரிப்போர்ட் எழுதினால் புதுசு வேலையில் இருப்பார், இவர் துல்லியமாக இருப்பார், தாடியும் தாடியாக இருக்கும். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு போலத்தான் தோன்றியது. அந்த முடியை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்.

மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். குப்பியை அவள் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னார். தன்னைத்தானே கிண்டல் செய்து சொன்னால் அவள் சிரித்துவிடுவாள், பாரம் குறையும் என்று கணக்குப் போட்டிருந்தார். அவள் சிரிக்கவில்லை.

"அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னைக்கு லீவு. சொல்லணுமான்னுதான் யோசிக்கறேன். வேலைதான் போகப் போறதில்லையே."

"உங்க கை முரட்டுக் கைன்னு சொல்லி ஆறு வாரம் என்கிட்ட யாராவது பேசியிருந்தா, அப்புறம் பழகிடுச்சுன்னு விட்டுட்டா, எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சீங்களா?"

அவள் ஒரு போர்வையை எடுத்து உதறினாள். "ஒரு முனைய பிடிங்க" என்றாள். பிடித்தார்.

மறுநாள் காலை மேலாளர் அறைக்குப் போனார். மேலாளர் அவரைவிட எட்டு வயது சின்னவர், அதிகம் பேசாத பெண்மணி. குப்பியை மேசைமேல் வைத்துத் துல்லியம் சொல்லச் சொல்ல அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். எடை போட்டதைச் சொன்னபோது அடக்க முடியாமல் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாரி சார்" என்றார். அதன் பிறகு திங்கட்கிழமை ஒப்பீடு பற்றிக் கேட்டார். துல்லியம் அதையும் சொன்னார். அப்போது மேலாளர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"பாக்காமயே பாத்ததா எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம். பத்து வாரம்."

"இது உங்க ஃபைலுக்குப் போகும். பதினோரு கல்லையும் திரும்ப வரவழைச்சு, ஒவ்வொரு கம்பெனிக்கும் நீங்களே லெட்டர் எழுதணும். அந்தம்மாவைப் பத்தின ரிப்போர்ட்ட நான் கிழிச்சுடறேன், அவங்களை நிரந்தரம் பண்ணியாச்சு. தாடி வேணுமா அந்த ரூம் வேணுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

தாடி அன்று சாயங்காலமே போய்விட்டது. அதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. எல்லை மறுபடி அழிந்தது, அவ்வளவுதான். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது.

புதுசு தன் மேசையில் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்துக்கொண்டிருந்தார். துல்லியம் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேலாளரிடம் சொன்னதைப் போலவே சொல்ல ஆரம்பித்தார். தாடி, மை, சீப்பு, கண்ணாடிக் கூண்டில் முகம் பார்த்தது, தன் மூளை கண்டுபிடித்த அழகு, எல்லாவற்றையும் தன்னைக் கோமாளியாக்கிச் சொன்னார். அது அவருக்கு நன்றாக வரும். நல்ல சேதியையும் சொன்னார்: நிரந்தரம் ஆகிவிட்டது, ரிப்போர்ட்டைக் கிழித்தாயிற்று. புதுசு குறுக்கே பேசாமல் கேட்டார். அவருடைய தாடியை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் தன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துப் பார்த்தார்.

"அப்ப என் கையில ஒண்ணும் இல்லையா சார்?"

"ஒண்ணுமே இல்லம்மா. முதல் நாள்லேர்ந்தே நல்லாத்தான் துடைச்சிருக்கீங்க."

"என் பேத்திக்கு மூணு மாசம் ஆகுது சார். பொறந்ததிலேர்ந்து நான்தான் குளிப்பாட்டுவேன். கால் மேல போட்டுத் தண்ணி ஊத்தினா சிரிக்கும்." சொல்லிவிட்டு வெட்டிய துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "நீங்க சொன்ன அன்னைக்கு வீட்டுல போய் நானே சொன்னேன், என் கை பட்டா எஃகே தேயுதாம்னு. சிரிப்பாங்கன்னு நினைச்சுச் சொன்னேன். மருமக சிரிக்கல. அத்த, இனிமே நானே பாத்துக்கறேன்னுட்டா. அவளைத் தப்பு சொல்ல முடியாது. எனக்கே பயம் வந்துடுச்சு. எஃகே தேயுதுன்னா பச்சக் குழந்தை என்ன ஆகும்னு. ஆறு வாரமா நான் அதைத் தூக்கக்கூட இல்ல சார்."

துல்லியத்துக்குச் சொல்ல ஒரு கிண்டலும் கிடைக்கவில்லை. தன்னைக் கழுதை என்று சொல்லலாம், கிழவன் என்று சொல்லலாம், அதெல்லாம் சொல்லி இந்த ஆறு வாரத்தைத் திருப்பித் தர முடியாது. வெட்கமாக இருந்தது. இதுவரை அவர் பட்டதெல்லாம் வெட்கமே இல்லை என்று தெரிந்தது.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றார்.

"அது சரி சார்" என்றார் புதுசு. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். "எழுதிக் குடுங்க. நான் போய்ச் சொன்னா, வேலைக்காக ஏதோ சமாதானம் பேசறேன்னு நினைச்சுக்குவா. உங்க கையெழுத்து இருந்தா நம்புவா. கல்லு தேயுதுங்கறதையும் உங்க பேரைச் சொன்னதாலதானே நம்பினா."

அவர் பேனாவை எடுத்து, 'மேற்படி ஊழியரின் கை அழுத்தம் தொடர்பாக' என்று தொடங்கினார். புதுசு எட்டிப் பார்த்தார். "என் மருமகளுக்குப் புரியற மாதிரி எழுதுங்க சார்."

அதைக் கசக்கிவிட்டு வேறு தாளில் எழுதினார். 'உங்கள் அத்தையின் கையில் எந்தக் குறையும் இல்லை. தப்பு முழுவதும் என்னுடையது. குழந்தையை அவரே குளிப்பாட்டலாம்.' கீழே கையெழுத்துப் போட்டார். பழக்கமில்லாத எழுத்துப் போல எல்லாம் கோணலாக வந்திருந்தது.

புதுசு தாளை இரண்டு தடவை படித்தார். "தேதி போடல சார்" என்றார். வாங்கித் தேதி போட்டுக் கொடுத்தார்.

புதுசு அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். "இன்னைக்கு மத்தியானமே கிளம்பட்டுமா சார்? வெயில் இறங்கறதுக்குள்ள குளிப்பாட்டிடணும்."